இரண்டு தடவை எண்ணிய தண்ணீர்

அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. சண்டை என்றால்கூடப் பரவாயில்லை, ஒரு வாரத்தில் தீர்ந்துபோயிருக்கும். இது மரியாதை. காலையில் மாமியார் டீ போட்டு, மருமகளின் டம்ளரை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, "டேய், டீ ஆறுது" என்பார். மகன் அந்த நேரத்தில் தெருக்கோடியில் தன் பேக்கரி அடுப்புக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருப்பான். இருந்தாலும் அவனிடம் சொன்னதாகத்தான் கணக்கு. மருமகளும் குடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க" என்று காலி டம்ளரிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். அந்தப் பேக்கரிக்காரன் மத்தியானம் வீட்டுக்கு வந்து, காலையில் தனக்கே தெரியாமல் தன் வழியாக என்னென்ன போய் வந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொள்வான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கணக்கு. அதைச் சொல்வதற்கு முன்னால் மருமகளின் வேலையைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு எச்சரிக்கை அறையில் வேலை. நாட்டுக்கே அப்படி ஒரே ஒரு அறைதான். பழைய தபால் கட்டடத்தின் மூன்றாவது மாடி. நீள மேசை, மேசைமேல் மூன்று ஃபோன், சுவரில் பெரிய கடிகாரம், கூரை ஒழுகுகிற மூலையில் ஒரு வாளி. வெள்ளத்துக்கு எச்சரிக்கை விடுகிற இடத்தின் கூரையே ஒழுகுதே என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை சொல்லிச் சிரிப்பார்கள். தாங்கள்தான் முதலில் சொன்னதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

அந்த அறை வருவதற்கு முன்னால் ஒவ்வொரு துறையும் தன் பாட்டுக்கு எச்சரிக்கை விட்டுக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் மழைத் துறை 'யாரும் வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்' என்றது. அதே நாளில், அதே ஊருக்கு, ஆற்றுத் துறை 'யாரும் வீட்டுக்குள் இருக்காதீர்கள்' என்றது. ஜனங்கள் இரண்டு துறைக்கும் மரியாதை கொடுத்து வாசற்படியில் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய இடத்தில் கூடிப் பேசி, எல்லாரும் சொல்வதை ஓரிடத்தில் வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, ஒரே செய்தியாக எல்லா செல்ஃபோனுக்கும் அனுப்புவது என்று முடிவு பண்ணினார்கள். சேர்க்கிற வேலை மருமகளுக்கு வந்தது.

மூன்று ஃபோனிலும் மூன்று பேர். மழைக்காரர், அணைக்காரர், ஆற்றுக்காரர். அந்த அறையில் அவர்களை அப்படித்தான் சொல்வார்கள். எட்டு மணி, பன்னிரண்டு மணி, நாலு மணி என்று மூன்று வேளையும் கூப்பிட்டுச் சொல்வார்கள். அவள் ஒரு பெரிய தாளில் நாலு கட்டம் போட்டு எழுதிக்கொள்வாள். என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு. எழுதினதைத் திருப்பிப் படிப்பாள், அவர்களையும் திருப்பிச் சொல்ல வைப்பாள். சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று என்று ஆகிவிடக் கூடாது இல்லையா. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கடைக்கு அனுப்பினால் கணவன் "அரை கிலோ தக்காளி, ஒரு கட்டு கீரை, சோப்பு" என்று வாசலில் நின்று ஒப்பிக்காமல் படி இறங்க முடியாது. "கல்யாணத்தன்னிக்கே இவ என்னைத் திருப்பிச் சொல்ல வெச்சிருக்கணும், அப்பவாவது யோசிச்சிருப்பேன்" என்பான் அவன், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு.

செல்ஃபோனுக்குச் செய்தி போனால் மட்டும் போதாது. ஃபோன் இல்லாதவர்கள் இருக்கிறார்கள், வைத்திருந்தும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், பார்த்துவிட்டு 'அப்புறம் பார்க்கலாம்' என்று கவிழ்த்து வைக்கிறவர்கள் எல்லாரையும்விட அதிகம். அதனால் ஆற்றோரத்தில் இருக்கிற ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் ஆளை வைத்தார்கள். கீழத் தெருவுக்கு வாய்த்த ஆள் மாமியார். துறையிலிருந்து அவருக்கு ஒரு மெகாஃபோன் கொடுத்தார்கள். அவர் குரலுக்கு அது தேவையே இல்லை என்பது தெருவின் கருத்து. இருந்தாலும் அவர் அதைத் துணி போட்டுத் துடைத்து, வாரத்துக்கு ஒருமுறை பேட்டரி பார்த்து, ஜன்னலோரத்தில் நிமிர்த்தி வைத்திருந்தார். தெருவே அவரை 'மெகாஃபோனம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது. அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

தெருவில் பகலில் யார் யார் இருப்பார்கள் என்ற பட்டியலை மருமகள்தான் எழுதினாள். வீடு வீடாகப் போய் எழுதி, மொத்தம் நூற்றுப்பதினாறு பேர். தங்கள் வீட்டுக்கு நேராக இரண்டு என்று போட்டாள். தான் எந்நேரமும் அறையிலேயே கிடப்பவள், தெருவில் எங்கே இருக்கப் போகிறோம் என்று நினைப்பு. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். "நம்ம வீட்டுல ரெண்டே பேரா?" என்று கேட்டார். "பகல் கணக்கு அத்தை" என்றாள் மருமகள். மாமியார் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். பாலத்தடியில் ஆறு வழக்கத்தைவிட மூன்று அடி ஏறினால் கீழத் தெருவுக்குள் தண்ணீர் வரும். மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு விடுமுறை நாளில், அணைக்காரர் கூப்பிட்டு, கதவு திறக்கிறோம், பாலத்தடியில் இரண்டு அடி ஏறும் என்றார். கொஞ்ச நேரத்தில் ஆற்றுக்காரர் கூப்பிட்டு, ஆறு ஏறிக்கொண்டு வருகிறது, பாலத்தடியில் இரண்டு அடி என்றார். மருமகள் இரண்டையும் எழுதினாள், திருப்பிப் படித்தாள், கூட்டினாள். நாலு அடி. செய்தி போயிற்று.

கீழத் தெரு முழுக்க மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தின் மாடிக்கு ஏறியது. முப்பத்திரண்டு படி. பாய், தலையணை, டிவி, ஒரு கூடை கோழி எல்லாம் ஏறின. கால் வராத பழைய கண்டக்டரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள். அவர் போகிற வழியெல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். டெய்லர் தைத்து முடித்த துணி மூட்டை மழையில் நனைந்து, சிவப்புச் சாயம் வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் இறங்கிவிட்டது. மாமியார் மெகாஃபோனோடு முன்னால் நின்றார். தண்ணீர் வந்தது. படித்துறையின் மேல்படி வரைக்கும் வந்து, ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது. தெருவில் ஒரு சொட்டு இல்லை.

ஏனென்றால் இரண்டும் ஒரே தண்ணீர். அணைக்காரர் திறந்துவிட்டதைத்தான் ஆற்றுக்காரர் வழியில் பார்த்து, ஏறுகிறது என்று சொன்னார். அவள் ஒரே தண்ணீரை இரண்டு தடவை எண்ணிவிட்டாள். இரண்டு நாள் கழித்துத் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காது சிவந்துபோயிற்று. மேலதிகாரியிடம் ஓடிச் சொன்னாள். அவர் நல்லவர், ஆனால் காற்றடித்தால்கூடக் கோப்புகளைத் தேடுகிறவர். "சரி, சரி, தெரிஞ்சிடுச்சு இல்ல. வெளிய சொல்லிக்க வேணாம். அறைக்கு இருக்கிற பேரே கொஞ்சம்தான்" என்றார்.

தெரு சும்மா இருக்குமா? "மெகாஃபோனம்மா, துணி காயப்போடலாமா, இல்ல மாடிக்கு ஏறணுமா?" என்று பால் வாங்கப் போகும்போது ஒருத்தர், தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தர். மாமியார் வீட்டுக்கு வந்து மருமகளிடம் நேராகக் கேட்டார், என்னதான் ஆச்சு என்று. மருமகள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "மிஷின்ல ஏதோ கோளாறு அத்தை" என்றாள்.

"மிஷினுக்கெல்லாம் நான் தெருவுல பதில் சொல்ல முடியாது" என்றார் மாமியார். மெகாஃபோனுக்குத் தலையணை உறை போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. மறுவாரமே தாளில் ஐந்தாவதாக ஒரு கட்டத்தைப் பென்சிலால் போட்டாள். 'யார் தண்ணி?' என்று தலைப்பு. மேலதிகாரி பார்த்துவிட்டு, இப்படியா அரசாங்கத் தாளில் எழுதுவது என்றார். வேறு எப்படி எழுதினாலும் எனக்குப் புரியாது சார் என்றாள். வேலையில் திருத்திக்கொண்டாள், வீட்டில்தான் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்ப்பாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது எல்லாம் மறந்துபோகும்.

அந்தச் சமயத்தில்தான் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. அறையில் வாளி நிரம்ப நிரம்பக் கொட்டினார்கள். மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு அணைக்காரர் கூப்பிட்டார். ஏரி நிறைந்துவிட்டது, ஒரு மணிக்கு மூன்று கதவு திறக்கிறோம், பாலத்தடியில் நாலு மணிக்கு இரண்டரை அடி ஏறும் என்றார். அவள் எழுதி, திருப்பிப் படித்து வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் ஆற்றுக்காரர். ஆறு ஏறி வருகிறது, பாலத்தடியில் நாலு மணிக்கு இரண்டரை அடி என்றார்.

மேலதிகாரி பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டரை, இரண்டரை. நாலு மணி, நாலு மணி. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாம்மா, அச்சு அசல் அதே கதை. அன்னிக்குப் பட்டது போதும். ரெண்டரை அடின்னு ஒரு தடவை போடு. 'கவனமாக இருக்கவும்'னு மட்டும் அனுப்பு. யாரும் மாடி ஏற வேணாம்."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொன்னால், 'ஒரே தண்ணீர்' என்று ஐந்தாவது கட்டத்தில் பாதி எழுதியும்விட்டாள். அப்புறம் பென்சில் நின்றது. கட்டத்தின் தலைப்பில் இருந்தது கேள்வி. அதற்குத் தானே பதில் எழுதிக்கொள்ள அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? பதில் சொல்ல வேண்டியவர்கள் ஃபோனில் இருக்கிறார்கள். இரண்டரை அடி என்றால் கீழத் தெருவுக்கு ஒன்றுமில்லை. ஐந்து அடி என்றால் ஆற்றோர வீடுகளில் ஜன்னல் முழுகும். அங்கே நூற்றுப்பதினாறு பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அவளுடையவர்கள்.

அணைக்காரரும் ஆற்றுக்காரரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆற்றில் நட்டிருக்கிற அளவுக் கம்பத்துக்கு யார் பெயின்ட் அடிப்பது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகராறு. கடிதத்துக்குக் கடிதம் போட்டு, கடைசியில் கம்பம் துருப்பிடித்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து ஒருவர் சொல்வது மற்றவர் காதில் நேராக விழுந்ததில்லை. எல்லாம் இவள் வழியாகத்தான். வீட்டில் கணவன் படுகிற பாடு இவளுக்கு வேலையிலும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் இரண்டு ஃபோனையும் ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"சார், ரெண்டு பேரும் லைன்ல இருக்கீங்க" என்றாள்.

இரண்டு ஃபோனிலும் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அணைக்காரர் தொண்டையைக் கனைத்தார். ஆற்றுக்காரர் பதிலுக்குக் கனைத்தார். மேலதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆத்துக்கார சார், நீங்க சொன்ன ஏத்தம் எங்க பாத்தது?"

"மர மில்லுகிட்ட இருக்கிற கம்பத்துல. பதினோரு மணிக்கு" என்றார் அவர், கொஞ்சம் விறைப்பாக.

"பதினோரு மணிக்கா?" இது அணைக்காரர். அவர் நாலு வருஷத்தில் முதல்முறையாக ஆற்றுக்காரரிடம் பேசினார். "நான் இன்னும் கதவையே திறக்கலையேய்யா."

மழைச் சத்தம் அந்த அறைக்குள் அப்போதுதான் நன்றாகக் கேட்டது. ஆற்றுக்காரர் மெதுவாகச் சொன்னார். மரம் அறுக்கிற அந்த மில் இருப்பது கிளையாற்றில். அது அணைக்குக் கீழே வந்து சேருகிறது. அதில் ஏறினது மலையில் பெய்த மழை, அணைத் தண்ணீரே இல்லை. அது பாலத்துக்கு வர ஐந்து மணி நேரம் ஆகும். அணைத் தண்ணீர் வர மூன்று மணி நேரம். மழைக்காரரையும் மூன்றாவது ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். மலையில் விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது, இன்னும் விடவில்லை என்று அவரும் சொன்னார். இரண்டும் வேறு வேறு தண்ணீர், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பாலத்தடியில். அவள் அரைகுறையாக எழுதியதை அழித்துவிட்டு, 'இரண்டு பேர் தண்ணி' என்று எழுதி, பக்கத்தில் ஐந்து அடி என்று போட்டாள்.

"அணைக்கார சார், கதவைக் கொஞ்சம் தள்ளித் திறக்க முடியுமா?"

"ஒரு மணி நேரம் தாங்கும்மா. ரெண்டு மணிக்குத் திறக்குறேன். அதுக்கு மேல அணை என் பேச்சைக் கேக்காது."

"அந்த ஒரு மணி நேரம் பெரிய உபகாரம்" என்றார் ஆற்றுக்காரர். அவரே எதிர்பார்க்காமல் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

அப்படியானால் ஐந்து மணிக்குத் தெருவுக்குள் தண்ணீர். மேலதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை தப்பாகிப்போனால் ஊரே சிரிக்குமே என்றார். சிரிக்கட்டும் சார், மாடியில் நின்று சிரிக்கட்டும் என்றாள் அவள். அவர் அரை நிமிஷம் தாளைப் பார்த்தார். பிறகு கோப்பு எதையும் தேடாமல் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு நாற்பதுக்குச் செய்தி போயிற்று.

பத்து நிமிஷத்தில் அவளுடைய செல்ஃபோனில் கணவன் கூப்பிட்டான். தெருவில் எல்லார் ஃபோனும் கத்தியது, ஆனால் ஒருத்தரும் அசையவில்லை என்றான். டெய்லர் கடையில் உட்கார்ந்துகொண்டு, இந்தத் தடவை என்ன சாயம் இறங்கப்போகுது என்று கேட்கிறாராம். கண்டக்டர் நாற்காலியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். அம்மா முன்னறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாளாம்.

"ஃபோனை அத்தைகிட்ட குடுங்க" என்றாள்.

"நேரா பேசப் போறியா?" என்றான் அவன். குரலில் அவ்வளவு பயம்.

ஃபோன் கை மாறிற்று. பட்டாணி பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. மேசைக்குப் பக்கத்தில் மேலதிகாரி இருந்தார், ஸ்பீக்கரில் மூன்று பேர் இருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும் என்று விட்டாள்.

"அத்தை, அன்னிக்கு மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. தப்பு என்னோடது. ஒரே தண்ணியை ரெண்டு தடவை எண்ணிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். வெக்கமா இருந்துச்சு. தெருவுல உங்களைத் தலைகுனிய வெச்சுட்டேன்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வேலை நேரத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை என்று துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு?" என்று கேட்டார் மாமியார்.

"ரெண்டும் வேற வேற தண்ணி அத்தை. ரெண்டு பேரையும் ஒரே லைன்ல வெச்சுக் கேட்டுட்டேன். அஞ்சு மணிக்கு அஞ்சு அடி வருது. எல்லாரும் ஸ்கூல் மாடிக்கு ஏறணும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா மூணு மாசம் சுவத்துக்கிட்ட பேசியிருக்க வேணாம்ல" என்றார் மாமியார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, அறையில் பேசுகிறவர்களைப் போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "திருப்பிச் சொல்றேன், கேட்டுக்க. அஞ்சு அடி. அஞ்சு மணி. ஸ்கூல் மாடி. நூத்திப்பதினாறு பேர். சரியா?"

"சரி அத்தை."

"நீ எண்ணினது தப்புன்னு தெருவுக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

நாற்காலி இழுக்கிற சத்தம், அலமாரி மேலிருந்து ஏதோ உருளுகிற சத்தம், "அம்மா, விழுந்துடப் போறே" என்று மகன் கத்துகிற சத்தம். அவன் ஃபோனை அணைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான் போலிருக்கிறது. மூன்று மாதம் தலையணை உறைக்குள் கிடந்த மெகாஃபோன் ஒருமுறை கரகரத்தது. பிறகு எச்சரிக்கை அறை முழுக்க மாமியாரின் குரல்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! அன்னிக்கு நம்மளை மாடி ஏத்தினது மிஷின் இல்ல, என் மருமக. ஒரே தண்ணியை ரெண்டு தடவை எண்ணிட்டா. இப்பதான் என்கிட்ட ஒத்துக்கிட்டா. போன வாரம் நான் குழம்புல உப்பை ரெண்டு தடவை போட்டேன், அதுக்காக இந்த வாரம் சாப்பிடாமயா இருக்கோம்? அன்னிக்கு எண்ணினது தப்பு. இன்னிக்கு எண்ணினது சரி. டெய்லரே, துணியைத் தார்ப்பாய்ல சுத்து. சாயம் இறங்காம நான் பாத்துக்கறேன். கண்டக்டருக்கு நாலு பேர் வாங்க. ஏறுங்க!"

அணைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "யாரும்மா அது? எங்க அணைக்கு அவங்களை ஒரு நாள் அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். ஆற்றுக்காரர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. தன் தப்பு ஒரு தெரு முழுக்க மெகாஃபோனில் ஒலித்ததைக் கேட்டு ஒருத்திக்கு இவ்வளவு லேசாக இருக்குமா என்று மருமகளுக்கே ஆச்சரியம். மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

தெரு அசைந்தது. கோளாறு எங்கே என்று தெரியாத மிஷினை நம்பத்தான் அவர்களுக்கு மனசு வரவில்லை. எண்ணத் தெரியாமல் எண்ணிவிட்டு ஒத்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் என்றதும் அவரவர் வீட்டில் அவரவர் எண்ணின தப்புக் கணக்குகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். டெய்லர் முதல் ஆளாக மூட்டையைத் தூக்கினார் என்று கணவன் சொன்னான். தூக்கும்போதே, "ரெண்டு மூட்டைதான், நல்லா எண்ணிக்கங்க, மறுபடி நாலுன்னு சொல்லிடாதீங்க" என்றாராம்.

நாலு மணிக்குப் பாலத்தடியில் சரியாக இரண்டரை அடி. ஆற்றுக்காரர் கூப்பிட்டுச் சொன்னார், அவர் சொன்னதை அணைக்காரர் திருப்பிச் சொன்னார், இவளைக் கேட்கவே இல்லை. மர மில் கம்பத்துக்கு நானே பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று அணைக்காரர் சொல்ல, வேண்டாம், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள், நானே அடித்துக்கொள்கிறேன் என்று ஆற்றுக்காரர் சொல்ல, புதிதாக ஒரு தகராறு ஆரம்பமாயிற்று. நாலேகாலுக்கு மாமியாரே அறைக்குக் கூப்பிட்டார். நூற்றுப்பதிமூன்று பேர் மாடியில், கண்டக்டர் படியில் வந்துகொண்டிருக்கிறார், டெய்லர் அவருக்குப் பின்னால், தன் பிள்ளை ரொட்டியை அடுப்பிலிருந்து எடுக்காமல் வரமாட்டேன் என்கிறான் என்று புகார். நாலரைக்கு மறுபடி கூப்பிட்டு, "நூத்திப்பதினாறு. திருப்பிச் சொல்லுங்க" என்றார். ஃபோனை எடுத்திருந்த மேலதிகாரி எழுந்து நின்று திருப்பிச் சொன்னார்.

அடுத்த ஷிஃப்டுக்கு வேறொருத்தி வந்ததும் மருமகள் கிளம்பினாள். மேட்டுச் சாலை வரைக்கும் பஸ் போனது. அங்கிருந்து நடந்தாள். மழையில் குடை சும்மா பேருக்குத்தான். பள்ளிக்கூடத்தின் பின்பக்க வழியாக வந்து, வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் கீழே பார்த்தாள். ஐந்து மணிக்கு வந்திருக்கிறது. கலங்கலான தண்ணீர் தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. முனையில் முழங்கால் அளவு, ஆற்றோர வீடுகளில் ஜன்னல்வரை. டெய்லர் கடையின் நாற்காலி ஒன்று தனியாக மிதந்து போனது. தங்கள் வீட்டு வாசல் தெரியவில்லை. உள்ளே ஒரு உயிர்கூட இல்லை என்பதை மனசுக்குள் மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

மாடியில் ஒரே அமர்க்களம். வகுப்பறை பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். கோழிகள் கரும்பலகைக்கு அடியில். பேக்கரிக்காரன் கூடை கூடையாகச் சுடச்சுட ரொட்டி கொண்டுவந்து பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். யாரோ பெரிய பாத்திரத்தில் டீ வைத்திருந்தார்கள். கண்டக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஜன்னலோரம் காலி இல்ல, பின்னால போங்க" என்று தள்ளிக்கொண்டிருந்தார். டெய்லர் தார்ப்பாயைப் பிரித்து, சாயம் இறங்காத சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். வீடு முழுகிப்போனவர்கள் மாதிரி யாரும் இல்லை. நாளைக்குச் சேறு அள்ள வேண்டியிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு எல்லாரும் இருக்கிறார்கள், அதுதான் சந்தோஷம்.

மாமியார் படிக்கட்டு வாசலில் நின்றிருந்தார். கழுத்தில் மெகாஃபோன், ஒரு கையில் பட்டியல், இன்னொரு கையில் பென்சில். சொட்டச் சொட்ட வந்து நின்ற மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ள போய் நில்லு. இன்னொரு தடவை எண்ணணும்" என்றார்.

அவள் போய்க் கணவன் பக்கத்தில் நின்றாள். அவன் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்தான். மாமியார் மூலையிலிருந்து ஆரம்பித்து, பென்சிலால் காற்றில் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். யாரும் நகரவில்லை, கண்டக்டர்கூட வாயை மூடிக்கொண்டார்.

"நூத்திப்பதினேழு" என்றார் மாமியார்.

பட்டியலில் இருந்தது நூற்றுப்பதினாறு. ஒருத்தரை இரண்டு தடவை எண்ணினால் இன்னொருத்தர் விடுபட்டுப்போய் இருந்தால்கூடத் தெரியாது. மருமகள் ரொட்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அத்தை, பட்டியல்ல நூத்திப்பதினாறுதான். யாரையோ ரெண்டு தடவை எண்ணிட்டீங்க."

மாமியார் பட்டியலை அவளுக்கு முன்னால் விரித்தார். அவர்கள் வீட்டுக்கு நேராக இரண்டு என்று அவளே எழுதியிருந்த இடத்தில், இரண்டை அடித்துப் பக்கத்தில் மூன்று என்று போட்டிருந்தது. பென்சில் எழுத்து பழையது. இன்றைக்கு எழுதியது இல்லை.

"ரெண்டு தடவை எண்ணுறதெல்லாம் உன் வேலை" என்றார் மாமியார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மருமகளின் தலையை அழுத்தித் துவட்டத் தொடங்கினார். "நான் எல்லாரையும் ஒரு தடவைதான் எண்ணினேன். உன்னையும் சேர்த்து. எங்க, திருப்பிச் சொல்லு."

துண்டுக்குள்ளிருந்து அவள் சொன்னாள்.

"நூத்திப்பதினேழு."